வடசென்னையிலிருந்து கல்விப் பண்ணைக்கு: பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பகுதியில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்திலும், ஓய்வு பெற்ற பின்னரும், செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்துப் பண்ணைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று வருகிறேன். ஒவ்வொரு முறையும் பெற்றோர் கூட்டத்தில் ஏறத்தாழ அதே கேள்விகள்தாம் எழுகின்றன. அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதிதாக அழைத்துச் செல்வோருக்கும் உதவும் என்று தோன்றியதால் இதை எழுதினேன். குறிப்பிட்ட எந்தப் பண்ணையையும் பரிந்துரைப்பது இதன் நோக்கமன்று.

கல்விப் பண்ணை என்று எதைச் சொல்கிறீர்கள்? வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

உண்மையாகவே பயிரோ கால்நடையோ வளர்த்துப் பிழைக்கும் ஒரு பண்ணையில், அன்றைக்கு நடக்கும் வேலைகளில் பிள்ளைகளால் செய்யக்கூடிய ஒன்றிரண்டை அவர்கள் கையாலேயே செய்ய விடும் இடத்தைத்தான் கல்விப் பண்ணை என்கிறேன். உயிரியல் பூங்காவில் விலங்குக்கும் பிள்ளைக்கும் நடுவே வேலி நிற்கும். பண்ணையில் நடுவே ஒரு கூடை தீவனமோ ஒரு கட்டு நாற்றோ இருக்கும். பண்ணை என்ற பெயரில் நீச்சல் குளமும் ஒட்டகச் சவாரியும் வைத்து நடத்தப்படும் பொழுதுபோக்கு இடங்களும் உண்டு. அவற்றில் மகிழ்ச்சி கிடைக்கலாம், ஆனால் இங்கே அவற்றைப் பற்றி நான் பேசவில்லை.

எங்கள் பிள்ளைகள் தெருவிலேயே மாட்டையும் ஆட்டையும் பார்க்கிறார்களே, இதற்காக ஒரு பயணம் தேவையா?

வியாசர்பாடியிலும் பட்டாளத்திலும் கொருக்குப்பேட்டையிலும் வளரும் பிள்ளைக்கு மாடு புதிதன்று என்பது உண்மைதான். காசிமேட்டுப் பிள்ளைகளோ செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவார்கள்; அந்த அறிவுக்கு முன்னால் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். ஆனால் இதே பிள்ளைகளிடம், நாம் உண்ணும் அரிசி எந்தச் செடியின் எந்தப் பகுதி என்று கேட்டால், வேர் என்றும் காய் என்றும் பல விடைகள் வரும். செங்குன்றத்து ஆலைகளிலிருந்து வரும் அரிசி மூட்டையைத் தினமும் பார்க்கிறார்கள். அந்த மூட்டைக்கு முந்தைய நூற்றிருபது, நூற்றைம்பது நாட்களை அவர்கள் பார்த்ததில்லை. தெருவில் மாடு சாலையைக் கடப்பதைப் பார்ப்பது ஒன்று. அதற்குத் தவிடு கலந்து வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பது வேறு.

எந்த வயதிலிருந்து அழைத்துச் செல்லலாம்?

பெற்றோர் உடன் வருவதானால் மூன்று வயதுக் குழந்தைகூட வரலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பள்ளியாக அழைத்துச் செல்வதற்கு என் அனுபவத்தில் எட்டிலிருந்து பதினொரு வயது வரை மிகப் பொருத்தமானது. அந்த வயதில் சேற்றில் இறங்கக் கூச்சமும் இருக்காது, சொன்ன வேலையை முடிக்கும் பொறுமையும் ஓரளவு வந்திருக்கும். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் அலட்சியமாக நிற்பார்கள். அவர்களுக்கு வரப்பு வெட்டுவது, எரு அள்ளிப் போடுவது போன்ற உடல் உழைப்பு வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டால், பிறகு அவர்களைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிடும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

பலரும் கோடை விடுமுறையில்தான் கேட்கிறார்கள், நான் பெரும்பாலும் மறுத்துவிடுகிறேன். மே மாதத்தில் ஏறத்தாழ 4ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதி வரை கத்திரி வெயில். அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் பண்ணையில் மாடுகூட நிழலை விட்டு வராது. ஓர் ஆண்டு மே மாதத்தில் அறுபது பிள்ளைகளைக் காலை பத்தரை மணிக்குப் பண்ணையில் இறக்கி, பன்னிரண்டு மணிக்குள் நால்வர் மயங்கி உட்கார்ந்த தவற்றைச் செய்தவள் நான்தான். விடுமுறையில் போயே தீர வேண்டுமென்றால், விடிந்ததும் கிளம்பி ஆறரை மணிக்கு அங்கிருந்து, பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கழனிகளுக்குப் பொதுவாக மூன்று பட்டங்கள், அதாவது சாகுபடிப் பருவங்கள், உண்டு. சித்திரையில் தொடங்குவது சொர்ணவாரி, ஆடி ஆவணியில் விதைத்துத் தை மாதத்தில் அறுப்பது சம்பா, மார்கழி தை மாதங்களில் தொடங்கிச் சித்திரை வாக்கில் முடிவது நவரை. நடவு பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலோ ஜனவரி பிற்பகுதியிலோ போகலாம். காலாண்டுத் தேர்வு விடுமுறை இதற்கு வசதியாக அமைகிறது. அறுவடை பார்க்க வேண்டுமானால் பொங்கலை ஒட்டிய நாட்கள் சிறந்தவை, வெயிலும் அப்போது இதமாக இருக்கும். ஏரியில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்தும் மழையைப் பொறுத்தும் ஒவ்வொரு பண்ணையிலும் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே நகரும். ஆகவே தேதியை நீங்கள் முடிவு செய்துவிட்டுப் பண்ணைக்குத் தெரிவிப்பதைக் காட்டிலும், "நடவு என்றைக்கு?" என்று உழவரிடம் கேட்டுவிட்டுப் பள்ளியில் தேதியை முடிவு செய்யுங்கள். தலைமையாசிரியர்களுக்கு இது சங்கடமான ஏற்பாடுதான். ஆனால் நாற்று இருபது இருபத்தைந்து நாளில் பறிக்கப்பட்டாக வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றறிக்கைக்காக அது காத்திருக்காது.

வடசென்னையிலிருந்து எப்படிப் போவது?

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் என்றால் புறநகர் மின்சார ரயிலே எளிது. சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அந்த ஊர்களுக்குப் போகிறது. காலையில் நகரத்தை நோக்கி வரும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதால் பிள்ளைகளுக்கு உட்கார இடமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். நிலையத்திலிருந்து பண்ணை வரை வேனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செங்குன்றம், சோழவரம் பக்கம் பேருந்தில்தான் போக வேண்டும். அந்த வழியில் போனால் புழல் ஏரிக் கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வராதீர்கள். 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த ஏரியின் தண்ணீர்தான் குழாய் வழியாக நம் தெருக்களுக்கு வருகிறது என்று சொன்னால், லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்ற பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிப் பார்ப்பார்கள்.

ஒரே நாளில் பண்ணையையும் முடித்துப் பழவேற்காடு ஏரிக்கும் போய்விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டும் அரைகுறையாகிவிடும்.

தொலைவு போக இயலாதவர்களுக்கு அருகில் ஏதேனும் உண்டா?

மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. செடி வகைகளையும் நாற்றங்காலையும் காட்டுவதற்கு ஏற்ற இடம். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில்தான் 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் அமைந்துள்ளது. கல்வி நிறுவன வளாகங்களுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எழுத்து மூலம் அனுமதி வேண்டும். நேரில் போய் வாயிலில் நின்று கேட்டுப் பார்க்கலாம் என்று கூட்டத்தோடு கிளம்பிவிடாதீர்கள்.

ஒரு பண்ணையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு ஒரு வாரம் முன்னதாக, அதே நேரத்துக்கு, அதே வழியில் நீங்கள் ஒருமுறை போய் வந்துவிட வேண்டும். இதை நான் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் நிலைகள். பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது, செடி மூடிக் கிடக்கும். பண்ணைக் குட்டையின் கரை வழுக்கும். இவற்றுக்கு மேல்மூடியோ உறுதியான வேலியோ இல்லாவிட்டால் அந்தப் பண்ணையை விட்டுவிடுங்கள், உரிமையாளர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் சரி. அடுத்தது மோட்டார் கொட்டகை. அதன் கதவு பூட்டியிருக்க வேண்டும், வயர்கள் தரையில் கிடக்கக் கூடாது. பன்றிக்காகப் போடப்பட்ட மின்வேலி உண்டா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது பூச்சிமருந்து. அந்த வாரத்தில் எந்த வயலுக்காவது மருந்து அடித்திருந்தால் அந்த வயலில் பிள்ளைகள் இறங்கக் கூடாது. மருந்து டப்பாக்களும் தெளிப்பான்களும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். காலி டப்பாவைக் குடிதண்ணீர் மொள்ளப் பயன்படுத்துவதைக் கண்டால் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. இயற்கை விவசாயப் பண்ணை என்று பலகை வைத்திருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், நேர்மையான உழவர் கோபித்துக்கொள்வதில்லை.

கழிப்பறை, கை கழுவுமிடம், வெயில் தாழும் வரை உட்கார நிழல் ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விலங்குகளையும் கவனியுங்கள். கண்ணில் பீளை, உடம்பில் முடி உதிர்ந்த வட்டத் திட்டுகள், ஓயாத கழிச்சல் ஆகியவை தெரிந்தால் அந்த விலங்குகளைத் தொட விடக் கூடாது. பண்ணையில் நாய் இருந்தால் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றைக் கேளுங்கள்.

அங்கே பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒரு நாள் எப்படிக் கழியும்?

பல பண்ணைகளில் நீண்ட பட்டியல் ஒன்றைக் காட்டுவார்கள்: பால் கறத்தல், நடவு, மாட்டு வண்டி, பானை வனைதல், கோழிக்குத் தீவனம், மண்புழு உரம், மரம் ஏறுதல் என்று பதினைந்து இருபது வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தயக்கம் வந்துவிடும். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை நாற்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நான் ஒரு நாளைக்கு ஒரு பயிர் வேலை, ஒரு கால்நடை வேலை என இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்ய வைக்கிறேன்.

நடவு நாளை எடுத்துக்கொள்வோம். முதலில் நாற்றங்காலில் நாற்றைப் பறிக்க வேண்டும். வேரோடு வரும்படி தூரில் பிடித்து இழுத்து, வேரிலிருக்கும் மண்ணைத் தண்ணீரில் அலசி, கைப்பிடி அளவில் முடிச்சாகக் கட்ட வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். முதல் பத்து நாற்று நடுவில் அறுந்து வரும், அதைப் பார்த்து நடவுப் பெண்கள் சிரிப்பார்கள். பிறகு முடிச்சுகளைச் சுமந்து வரப்பில் நடந்து கழனிக்குப் போக வேண்டும், வரப்பில் நடப்பதும் நகரத்துக் காலுக்கு ஒரு பாடம்தான். பரம்படித்துச் சமன் செய்த சேற்றில் கயிறு பிடித்து, பின்னோக்கி நகர்ந்தபடியே நட வேண்டும். ஒற்றை நாற்று நடவு முறை என்றால் இரண்டு பக்கமும் 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒவ்வொரு நாற்றாக வைக்க வேண்டும் என்பதால், நான்காம் வகுப்பு அளவுகோல் பாடம் அங்கே சேற்றுக்குள் நடந்துவிடுகிறது. அரை மணி நேரம் குனிந்து நட்ட பிள்ளை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, நீங்க நாள் முழுக்க இப்படியேவா?" என்று பக்கத்தில் நடும் மூதாட்டியைக் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மூதாட்டி விடை சொல்லாமல் அடுத்த முடிச்சை அவன் கையில் கொடுத்தார்.

அறுவடைக் காலமானால் ஒரு கதிரிலுள்ள மணிகளை எண்ணச் சொல்லலாம். நூறைத் தாண்டும் கதிர்கள் கிடைக்கும். கையால் கசக்கி உமி நீக்கி ஒரு கைப்பிடி அரிசி எடுக்கச் சொன்னால் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். ஆலையில் நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 65 கிலோ அரிசிதான் தேறும், மீதி உமியாகவும் தவிடாகவும் போகும் என்று அப்போது சொன்னால் புரியும். அந்தத் தவிட்டைத்தான் பிற்பகலில் மாட்டுக்குக் கலக்கப் போகிறார்கள்.

கால்நடை வேலை என்பது கட்டுத்தரையைக் கூட்டுவதில் தொடங்குகிறது. சாணியை அள்ளி எருக்குழியில் போட்டு, தீவனப்புல்லை நறுக்கித் தொட்டியில் இட்டு, புண்ணாக்குத் தண்ணீர் காட்டி, கடைசியில்தான் மாட்டைத் தடவிக் கொடுக்கலாம். புல் நறுக்கும் இயந்திரத்தின் அருகே மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது, அந்த வேலையைப் பண்ணையாட்களே செய்யட்டும். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்களே கிடையாது என்பதையும், அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்பதையும் அது அசைபோடும்போது சொன்னால் மறப்பதில்லை. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல், கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகிய கணக்குகளும் அப்படித்தான். செம்மறி வைத்திருக்கும் பண்ணையானால் அது என்ன இனம் என்று கேட்கச் சொல்லுங்கள். மெட்ராஸ் ரெட் எனப்படும் சென்னைச் சிவப்புச் செம்மறி நம் ஊரின் பெயரையே தாங்கிய இனம், இந்த வட்டாரத்துக்கு உரியது.

என் பிள்ளை மாட்டைக் கண்டாலே பயப்படுகிறான். என்ன செய்வது?

சாலையில் மாடு முட்டிய செய்திகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பயம் இருப்பது இயல்புதான். அதைக் கேலி செய்வதும், கையைப் பிடித்து இழுத்து மாட்டின் மேல் வைப்பதும் பயத்தை இரட்டிப்பாக்கும். முதலில் கன்றுக்குட்டியிடமோ கோழிக்குஞ்சிடமோ அழைத்துச் செல்லுங்கள். மாட்டருகே போகும்போது அதன் பின்பக்கமாகப் போகாமல், அது பார்க்கும்படி பக்கவாட்டில் தோள்புறம் வந்து, குரல் கொடுத்துவிட்டுத் தொட வேண்டும் என்ற முறையைச் சொல்லிக் கொடுங்கள். செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் குறைந்துவிடுகிறது. இளங்கன்று ஈன்ற பசு மட்டும் விதிவிலக்கு, அதனருகே பெரியவர்களுமே பண்ணையாள் துணையின்றிப் போகக் கூடாது. கடைசி வரை தொட மாட்டேன் என்று தள்ளி நின்றே பார்த்த பிள்ளைகளும் உண்டு. அதனால் எந்தக் குறையும் இல்லை.

பால் கறக்க விடலாமா? கறந்த பாலை அப்படியே குடிக்கலாமா?

சாதுவான, பழகிய மாடு என்றால், கறவைக்காரர் பக்கத்தில் அமர்ந்து கற்றுத் தரும்போது ஓரிரு பிள்ளைகள் முயன்று பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே மாட்டின் காம்பை இழுப்பது அந்த உயிருக்குத் துன்பம் என்பதால் நான் அதை அனுமதிப்பதில்லை. பச்சைப் பாலைக் குடிக்கவே கூடாது. புருசெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் காய்ச்சாத பால் வழியாகப் பரவக்கூடியவை, சிறு குழந்தைகளை அவை கடுமையாகத் தாக்கும். "நாங்களெல்லாம் சின்ன வயதில் மடியிலிருந்து நேராகக் குடித்தோம்" என்று தாத்தாக்கள் சொல்வார்கள். அவர்களிடம் வாதம் செய்யாமல், பாலைப் பொங்கக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு அவர்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிடுங்கள்.

நோய்த்தொற்று வருமா? என்ன முன்னெச்சரிக்கை வேண்டும்?

பெரும்பாலான தொற்றுகள் கையிலிருந்து வாய்க்குத்தான் போகின்றன. விலங்கைத் தொட்ட பிறகும், உண்பதற்கு முன்பும், கிளம்புவதற்கு முன்பும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் இருபது நொடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். சேறும் சாணமும் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே பத்து சோப்புக் கட்டிகளை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். விலங்குகள் இருக்கும் இடத்தில் தின்பண்டமோ தண்ணீர்ப் புட்டியோ வாய்க்குப் போகக் கூடாது, நகம் கடிக்கும் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

காலில் ஆறாத புண்ணோ வெட்டோ இருந்தால் அந்தப் பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியே எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட புண்களில்தான் நுழைகிறது. பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பண்ணைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பெற்றோர்களிடம் கூறிவிடுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி ஐந்து ஆறு வயதிலும், பிறகு பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அரசு அட்டவணைப்படி போடப்படுகிறது. விட்டுப்போயிருந்தால் கிளம்புவதற்கு முன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள்.

பாம்பு இருக்குமா?

நெல் இருக்குமிடத்தில் எலி இருக்கும், எலி இருக்குமிடத்தில் பாம்பும் இருக்கும். வைக்கோற்போர், கல்குவியல், புதர் ஆகியவற்றில் கை விடக் கூடாது என்பதும், தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதும் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டியவை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் பண்ணைகளில் கண்டவை இரண்டு சாரைகள் மட்டுமே.

என்ன உடை, என்னென்ன பொருட்கள்?

பழைய பருத்தி உடை, தொப்பி, மாற்றுடை ஒன்று, துண்டு, ஈர உடைக்கு ஒரு பை, இரண்டு லிட்டர் தண்ணீர். வெள்ளைச் சீருடை வேண்டாம், அதைத் துவைக்கப் போகும் அம்மாக்களை நினைத்துச் சொல்கிறேன்.

மதிய உணவு?

பண்ணையிலேயே சமைத்துத் தருவதானால் எளிய சாதம், சாம்பார், அங்கே விளைந்த ஒரு காய் அல்லது கீரை போதும். அந்தக் கீரையைக் காலையில் பிள்ளைகளே கிள்ளியிருந்தால், வீட்டில் கீரையைத் தொடாதவர்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

"இந்த ஆட்டை வெட்டிவிடுவீர்களா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

நான் மிகவும் தயங்கிய கேள்வி இது. தொடக்கத்தில் பேச்சை மாற்றிவிடுவேன். பிறகு ஒருமுறை பண்ணைக்காரரே, "ஆமாம் கண்ணு, கிடா வளர்ந்ததும் விற்றுடுவோம், அதுதான் எங்கள் வருமானம்" என்று தயங்காமல் சொன்னார். கேட்ட சிறுமி சற்று நேரம் ஆட்டையே பார்த்தாள். பக்கத்திலிருந்த காசிமேட்டுச் சிறுவன், "மீன் மாதிரிதான், மிஸ்" என்றான். உண்மையைச் சொல்வதால் பிள்ளைகள் உடைந்துபோவதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் அசைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் இடத்தில் எது சரி என்று தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள். வளர்க்கும்போது தீனி, தண்ணீர், நிழல், மருந்து ஆகியவை குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு வரும்.

"படிக்க வைப்பதே சேற்றில் இறங்காமல் இருக்கத்தானே, பிறகு ஏன் சேற்றில் இறக்குகிறீர்கள்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்களே?

கேட்பவர்களுக்கு அதற்கான உரிமை உண்டு. நம் பகுதிக் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன் ஊரில் கூலிக்கு நட்டு, களையெடுத்து, அந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்து இங்கே வந்தவை. அவர்களிடம் போய் உழவின் பெருமை பேசினால் கோபம் வருவது நியாயமே. அப்படிக் கேட்ட ஒரு பெற்றோரிடம் நான் விளக்கம் சொல்லாமல், வீட்டிலிருக்கும் பாட்டியையும் அனுப்பி வைக்குமாறு கேட்டேன். அந்த அம்மாள் கழனியில் இறங்கி, எங்கள் எல்லாரையும்விட வேகமாக ஒரு வரிசையை நட்டு முடித்துவிட்டு, அந்தக் காலத்தில் தனக்குக் கிடைத்த நெல் கூலியையும், வரப்பில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு நட்டதையும் பேரனிடம் சொன்னார். அதிலிருந்து முடிந்தவரை ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று தாத்தா பாட்டிகளைச் சேர்த்துக்கொள்கிறேன். பண்ணையில் வேலை செய்வோரைப் பிள்ளைகள் அக்கா, அண்ணா, ஆயா என்று முறை வைத்து அழைக்க வேண்டும் என்பதும், அவர்கள் சாப்பிடும் இடத்திலேயே நாமும் சாப்பிட வேண்டும் என்பதும் நான் முன்கூட்டியே பேசி வைக்கும் நிபந்தனைகள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. சக்கர நாற்காலி வரப்பில் போகாது. ஆனால் கட்டுத்தரை, கோழிக்கூடு, நாற்று முடிச்சுக் கட்டும் இடம் ஆகியவற்றுக்குப் போகும் வழி சமதளமாக இருக்கிறதா என்று முன்பயணத்தின்போதே பார்த்துவிடலாம். பார்வையற்ற பிள்ளைகள் மண், வைக்கோல், கன்றின் நாக்கு ஆகியவற்றை விரலாலும் மூக்காலும் அறிந்து சொல்பவை மற்றவர்கள் கவனிக்காதவை. சத்தம் பொறுக்காத பிள்ளைகளுக்கு டிராக்டர் ஓடும் நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்?

ஆறு வயதுக்குக் கீழ் நான்கைந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது என் கணக்கு. மொத்தம் முப்பது பேரைத் தாண்டினால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

கட்டணம் எவ்வளவு?

பண்ணைக்குப் பண்ணை மாறும். உணவும் நிலையத்திலிருந்து வேனும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடவு நாளில் பிள்ளைகளால் வேலை மெதுவாகும், சில வரிசைகளை மறுபடியும் நட வேண்டிவரும்; கூலியாட்களின் நேரத்துக்கு அந்தப் பணத்திலிருந்து ஈடு கொடுக்கப்படுகிறதா என்றும் கேட்கலாம்.

மழை வந்தால்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மாற்றுத் தேதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தூறலுக்காக ரத்து செய்ய வேண்டியதில்லை. இடி கேட்டால் உடனே வயலை விட்டு ஏறி, மரத்தடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஒரு முறை போனால் போதுமா?

வெவ்வேறு மூன்று பண்ணைகளுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே பண்ணைக்கு மூன்று முறை போவதையே நான் விரும்புகிறேன். செப்டம்பரில் தான் நட்ட வரிசையை நவம்பரில் களையெடுக்கப் போய்த் தேடிக் கண்டுபிடித்து, பொங்கலுக்கு அதே இடத்தில் கதிரை அறுத்துக் கொண்டுவரும் பிள்ளைக்கு, இடையில் பெய்த மழையும் வந்த புயலும்கூடத் தன் சொந்தக் கவலையாகிவிடுகிறது. ஓர் ஆண்டு டிசம்பர் மழையில் நாங்கள் நட்ட பகுதி முழுவதும் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. அறுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பிள்ளைகள் போகத்தான் வேண்டும் என்றார்கள், போனோம். மீஞ்சூர்ப் பக்கத்தில் வேறொரு சிக்கலையும் இப்படி ஆண்டு முழுவதும் பார்க்கலாம்: கடல்நீர் உட்புகுந்து நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர்கள் அங்கே உண்டு. ஒரே உழவர் மழைக்குப் பிறகும் கோடையிலும் தம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்வதைக் கேட்ட பிள்ளைகளுக்கு, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுடன் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை எதற்காக வந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை.

திரும்பி வந்த பிறகு, இடமில்லாத எங்கள் வீட்டில் ஏதாவது வளர்க்க முடியுமா?

முடியும். மொட்டை மாடி கிடைத்தால் பழைய அரிசிச் சாக்கில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து முளைக்கீரை விதைக்கலாம். இருபத்தைந்து நாள் வாக்கில் பறித்துவிடலாம். மாடியும் இல்லாத ஒற்றை அறை வீடானால், வெயில் படும் ஜன்னலிலோ வாசற்படி ஓரத்திலோ ஓட்டை போட்ட பழைய டப்பாவில் வெந்தயம் போடுங்கள், மூன்று நான்கு நாளில் தலை காட்டும். கொத்தமல்லிக்கு விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும், அது முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முளைத்துவிட்டதா என்று இரண்டாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே ஒரு பிடி விதையை அவர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருங்கள்.